பச்சை நட்சத்திரம் போட்ட கசெற்

அன்ரி, அந்தச் சூட்கேசை மூடிப்போடாதேங்கோ. ஒரு நிமிஷம். பயப்பிடாதேங்கோ, நான் பாரமா ஒண்டும் கொண்டரேல்லை. வந்தவை எல்லாரும் பால்மா, சொக்லேற், சப்பாத்து எண்டு உங்கடை தலையிலை கட்டிவிட்டுப் போயிருக்கினம் எண்டு பாக்கவே தெரியுது. என்னிட்டை இருக்கிறது இது ஒண்டுதான். ஒரு கசெற். எங்கையாவது மூலையிலை செருகிவிடலாம்.

உங்களுக்கு என்னைத் தெரியாது. மரக்கறிக்கடை அண்ணைதான் சொன்னவர், முப்பத்தாறாம் நம்பர் வீட்டு அன்ரி புதன்கிழமை கொழும்புக்குப் போறா, வெள்ளவத்தையிலைதான் நிப்பா எண்டு. என்ரை அம்மாவும் இப்ப வெள்ளவத்தையிலைதான் ஒரு அறை எடுத்து இருக்கிறா. நான் லோஜினி. பத்மலோஜினி. இது மகள் சாம்பவி, ரெண்டரை வயசு. ஏய், அன்ரியின்ரை பெட்டிக்குள்ளை கை வைக்காதை. இஞ்சாலை வா.

தேத்தண்ணி வேண்டாம் அன்ரி. சரி, அரைக் கப்.

நான் வந்தது கொண்டுபோறதுக்கு மட்டும் இல்லை. இதை அம்மாட்டைக் குடுத்திட்டு, திரும்பி வரேக்கை அம்மா வைச்சிருக்கிற பழைய கசெற் ஒண்டை வாங்கிக்கொண்டு வரவேணும். அவ்வளவுதான். சிரிக்கிறியள். எல்லாரும் இஞ்சையிருந்து அங்கை அனுப்ப, இவள் அங்கையிருந்து கேக்கிறாள் எண்டு நினைப்பியள். லண்டனிலை இல்லாத கசெற்றோ எண்டும் நினைப்பியள். அது கடையிலை விக்கிற கசெற் இல்லை. வெள்ளைக்காரப் பொடியள் கிற்றார் அடிக்கிற ஒரு இடத்திலை நான் எடுத்தது. எடுத்தது எண்டால்... முதலிலையிருந்து சொன்னால்தான் விளங்கும். உங்கடை மகள் வேலையாலை வர எத்தினை மணியாகும்? ஆறோ? அப்ப நேரமிருக்கு. என்ரை மனிசன், இவருக்கு நான் இஞ்சை வந்தது தெரியாது. கறிவேப்பிலை வாங்கப் போறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். வாங்கியும் போட்டன், பாருங்கோ. பொய் சொல்லேல்லை.

நான் கம்டனிலை ஒரு கிளப்பிலை துப்புரவு வேலை செய்யிறன். கிளப் எண்டவுடனை வேறை மாதிரி நினையாதேங்கோ. பாட்டுப் பாடுற இடம். மேலை பார், கீழை படி இறங்கினால் ஒரு நிலவறை, அதிலை ஒரு சின்ன மேடை. வாசலிலை ஒரு பழைய விளக்குத் தொங்கும், அதாலை லான்ரேன் எண்டு பேர். நான் லாந்தர் எண்டுதான் சொல்லுறது. தொண்ணூற்றிநாலு சித்திரையிலை தொடங்கினனான், இவளுக்கு அப்ப மூண்டு மாசம். இவருக்குப் பெற்றோல் ஸ்ரேசனிலை இரவு வேலை. காலமை வந்து படுக்கிற மனிசன், பிள்ளை சிணுங்கினால் நித்திரை குழம்பும் எண்டு நான் இவளையும் தள்ளுவண்டிலிலை வைச்சுக்கொண்டு போயிடுவன். எங்கடை ரூட்டிங்கிலை ஏறினால் ஒரே கோச்சி, ரெயில் மாறத் தேவையில்லை. வேலை எங்கடை மச்சாளின்ரை பேரிலை. எங்கடை விசா அலுவல் அப்பவும் சரிவரேல்லை, இப்பவும் சரிவரேல்லை. அதாலை அங்கை எனக்கு ராணி எண்டு பேர். ஆறாம் வகுப்போடை பள்ளிக்கூடத்தை விட்டவள், கையிலை தும்புத்தடி, பேர் ராணி.

அங்கை நான் ஒரு பாட்டும் கேட்டதில்லை அன்ரி. நான் போகேக்கை எல்லாம் முடிஞ்சு, விளக்கெல்லாம் போட்டு, வெறும் மணம்தான் இருக்கும். எனக்கு அங்கை வாறவையளைத் தெரிஞ்சது குப்பையாலைதான். தொடங்கின புதிசிலை ரெண்டு பை குப்பை, அதிலை அரைவாசி சிகரெட் கட்டை. நிலம் காஞ்சு கிடக்கும். ஆவணியிலை நாலு பை. மார்கழிக்கு ஏழு. அடுத்த பங்குனி வரப் பதினொண்டு. பியர் ஊத்துப்பட்டு, நிலத்திலை கால் வைச்சால் செருப்புக் கழண்டு வரும். அறுந்த கிற்றார்க் கம்பி மேடையெல்லாம் சுருண்டு கிடக்கும். கம்பியைத் தட்டுறதுக்கு முக்கோணமா ஒரு பிளாஸ்ரிக் துண்டு வைச்சிருப்பாங்கள், அது இவளுக்கு ஒரு மாப்பேணி நிறையச் சேர்ந்திட்டுது. பெட்டையளின்ரை தலைக்கிளிப்பு, ஒற்றைச் சப்பாத்து... ஒற்றைச் சப்பாத்தோடை எப்பிடி வீட்டை போறாங்களோ! பகலிலை ரிக்கற்றுக்கு நிக்கிறவங்களைப் பாத்திருக்கிறன். எல்லாரும் நெத்தியை மறைச்சுத் தலைமயிர், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குப் போற மாதிரி சிப் வைச்ச சட்டை. ஒருத்தனை மற்றவனிலை இருந்து பிரிக்கேலாது.

டெரெக்தான் எனக்குச் சொன்னவர், இது பெரிசா வரப்போகுது எண்டு. டெரெக் அங்கை சத்தம் வைக்கிறவர். பாடுற சத்தம், கிற்றார்ச் சத்தம் எல்லாம் அவரின்ரை மேசையிலை உள்ள குமிழுகளாலைதான் கூடிக் குறையும். ஐம்பது வயசிருக்கும். நல்ல உயரம், காது கொஞ்சம் மந்தம். "ஒன்பது வருஷமா இந்தக் கிடங்குக்குள்ளை இருபது பேருக்குச் சத்தம் வைச்சன், ராணி. அமெரிக்காக்காரன் பாடினால்தான் பாட்டு எண்டவன் எல்லாம், இப்ப எங்கடை பஸ் தரிப்பையும் மழையையும் பற்றி எங்கடை பொடியள் பாடுறதைக் கேக்க வரிசையிலை நிக்கிறான்" எண்டார். எனக்கு அரைவாசிதான் விளங்கினது. மறுமொழி சொல்ல இங்கிலீசும் இல்லை, கூச்சம் வேறை. குப்பைப் பையைத் தூக்கிக் காட்டி "லெவன்" எண்டன். அந்த மனிசன் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சது. அண்டையிலையிருந்து என்னைக் கண்டால் முதல் கேள்வி, "ஹவ் மெனி, ராணி?" ஒரு பாண்ட், பாட்டுக்காரர் கூட்டம், நல்லதோ கூடாதோ எண்டு பேப்பரைப் பாக்கத் தேவையில்லை, ராணியின்ரை பையை எண்ணினால் சரி எண்டு வாறவன் போறவனுக்கெல்லாம் சொல்லுவார்.

பதினொரு மணிபோலை வருவார். கிற்றார்ப் பெட்டி ஒண்டு, உள்ளுக்குச் சிவப்பு வெல்வெற். அதுக்குள்ளை தன்ரை சுவெற்றரை மடிச்சு வைச்சு இவளை வளத்தி நித்திரையாக்குவார். நான் மேல்படி கழுவி முடியுமட்டும் பாத்துக்கொண்டிருப்பார். கேக்காமல் செய்வார் அன்ரி. கேட்டால் நான் வேண்டாம் எண்டிருப்பன்.

அந்த மனிசனுக்குத்தான் நான் இதைச் செய்தனான்.

ஒவ்வொரு நாளும் பாடுறதை டெரெக் தன்ரை மேசையிலையிருந்து நேரே ஒரு கசெற்றிலை பிடிப்பார். பிடிச்சு முடிய, கசெற்றின்ரை முதுகிலை ரெண்டு மூலையிலும் இருக்கிற சின்னப் பல்லை உடைச்சுவிடுவார். உங்களுக்குத் தெரியும்தானே, அதை உடைச்சால் அதுக்கு மேலை ஒருத்தரும் பதியேலாது. ஊரிலை நாங்கள் என்ன செய்வம்? அந்த ஓட்டையிலை செலோரேப் ஒட்டிப்போட்டுப் பதிவம். எத்தினை பேரின்ரை கலியாணக் கசெற்றுக்கு மேலை சினிமாப் பாட்டு ஏத்தியிருப்பம்!

அங்கை வேறை கசெற்றுகளும் வரும். பாட ஒரு சந்தர்ப்பம் தாங்கோ எண்டு ஊரூரா இருந்து பொடியள் அனுப்புறது. கேட்டு முடிஞ்சதை டெரெக் ஒரு மட்டைப் பெட்டிக்குள்ளை போடுவார். "எறியத்தான் போறன், வேணுமெண்டால் எடு" எண்டவர். நான் எடுத்துச் செலோரேப் ஒட்டி, அம்மாவுக்குக் கதைச்சு அனுப்புவன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, நான் எழுதினாலும் பிழை பிழையா வரும், அதாலை எங்கடை வீட்டிலை கடிதம் எண்டால் கசெற்தான். எத்தினை பொடியளின்ரை பாட்டை அழிச்சுப்போட்டு "அம்மா, நாங்கள் நல்ல சுகம்" எண்டு சொல்லியிருப்பன் எண்டு அப்ப நினைக்கேல்லை.

தொண்ணூற்றைந்து பங்குனி, ஒரு வெள்ளிக்கிழமை. ஊரிலை அப்ப சண்டை நிண்டிருந்த நேரம், ஞாபகமிருக்கோ? இவரின்ரை சிநேகிதர் ஒருத்தர் அண்டைக்குப் பின்னேரம் வெளிக்கிடுறார், கொழும்போடை நிக்காமல் நேரே அம்மா இருக்கிற யாழ்ப்பாணத்துக்கே போறார். அப்பிடி ஒரு ஆள் கிடைக்கிறது அருமை. சண்டை நாளைக்கே திரும்பத் தொடங்கினாலும் தொடங்கும். முதல் நாள்தான் இவள் "அம்மம்மா" எண்டு வாய் திறந்தவள். அம்மம்மா எண்டு! அதை அம்மாவுக்கு அனுப்பாமல் எப்பிடி விடுறது? வீட்டிலை வெறும் கசெற் இல்லை. மட்டைப் பெட்டியும் அண்டைக்கு வெறுமை. டெரெக்கின்ரை மேசைக்குக் கீழை, வயருகளுக்கு நடுவிலை, ஒரு கசெற் கிடந்தது. தொண்ணூறு நிமிஷத்தது, நல்ல சாமான். ஒண்டும் எழுதியும் இருக்கேல்லை. தேவையில்லாமல் எறிஞ்சது எண்டு நினைச்சு எடுத்துக்கொண்டு வந்திட்டன்.

வீட்டை வந்து குசினிக் கதவைச் சாத்திப்போட்டு, செலோரேப்பை ஒட்டிப்போட்டுப் பதிஞ்சன். இவளைக் கதைக்கச் சொன்னால் கதைக்கமாட்டாள், கரண்டியாலை தட்டினாள், அழுதாள், பேந்து அம்மம்மா எண்டாள், ஆறு தரம். மிச்சத்துக்கு நான் கதைச்சன். குளிர் எப்பிடி, இவர் எப்பிடி, தங்கச்சி படிக்கிறாளோ எண்டு. கதைச்சுக்கொண்டிருக்க வாசல் மணி அடிச்சிட்டுது, சிநேகிதர் வந்திட்டார். அப்பிடியே நிப்பாட்டி, எடுத்துக் குடுத்திட்டன்.

திங்கக்கிழமை போறன், டெரெக் முழங்காலிலை நிண்டு மேசைக்குக் கீழை தேடுறார்.

அந்த வியாழக்கிழமை பாடினது டின் அம்பரெல்லா எண்ட பாண்ட். தகரத்திலை குடை! மழைக்குப் பிடிச்சால் சத்தம் எப்பிடியிருக்கும்? அதிலை ஹேஸல் எண்டு ஒரு பெட்டை, இருபது வயசு வராது. அவளை எனக்குத் தெரியும். ஒருநாள் நேரத்தோடை வந்து, ஒண்டும் சாப்பிடாமல் மேடையிலை இருந்தாள். நான் கொண்டுபோன மட்டன் ரோல்ஸ் ஒண்டைக் குடுத்தன். உறைப்பிலை கண்ணாலை தண்ணி ஓட ஓட "லவ்லி, லவ்லி" எண்டு முழுக்கத் திண்டாள். அவள் அந்த வியாழக்கிழமை பின்னேரம் ஒரு பாட்டுக் கட்டி, கடைசியா, மற்றவங்களை இறக்கிவிட்டிட்டுத் தனியப் பாடினவளாம். பாட்டு வெளியிடுற கொம்பனிக்காரன் ஒருத்தன் கூட்டத்துக்குள்ளை நிண்டு கேட்டிட்டு, திங்கக்கிழமை அந்தக் கசெற்றைக் கொண்டாங்கோ, எங்கடை பெரியவருக்குப் போட்டுக் காட்டவேணும் எண்டு சொல்லியிருக்கிறான். திங்கக்கிழமை கசெற் இல்லை.

கம்டன் சந்தையிலை மேசை போட்டு, களவாப் பிடிச்ச கசெற் விக்கிற ஆக்கள் இருக்கினம். டெரெக் அவையளுக்கு வித்துப்போட்டார் எண்டு முதலாளி கோல்மன் முடிவு கட்டிப்போட்டார். ஆர் வேறை எடுக்கிறது? அந்த மேசைக்குக் கிட்ட ஆர் போறது? என்னை ஒருத்தரும் கேக்கேல்லை அன்ரி. கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்.

இன்னொண்டைக் கேளுங்கோ. எல்லாருக்கும் முன்னாலை நிப்பாட்டி வைச்சுத்தான் டெரெக்கை ஏசினது. ஏசிக்கொண்டு கோல்மன் என்னைக் கையாலை காட்டுறார். "அந்தப் பெட்டையைப் பார். போன மாசம் ஒரு தங்க மோதிரம் கண்டெடுத்து என்ரை மேசையிலை வைச்சவள். இந்தக் கிடங்கிலை நேர்மையான ஆள் ராணி ஒருத்திதான்." நான் தும்புத்தடியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். டெரெக் என்னைப் பாத்துத் தலையாட்டினார், ஓம், அது உண்மைதான் எண்ட மாதிரி. அந்தக் கிழமையே கோல்மன் முன் வாசல் பூட்டுத் திறப்பை என்னட்டைத் தந்திட்டார். இந்தாங்கோ, இதுதான். இப்பவும் பைக்குள்ளைதான் கிடக்கு.

சொல்லியிருக்கலாம் எண்டுதான் நினைக்கிறியள். என்னெண்டு சொல்லுறது? கசெற் கப்பலேறிப் போட்டுது. சொன்னாலும் அதிலை நானும் இவளும்தானே கதைக்கிறம். பாட்டு இல்லையே. சொன்னால் ராணி ஆர் எண்டு கேப்பினம், பேர் கேப்பினம், அடையாளக் காட் கேப்பினம். இவரின்ரை விசாக் கேஸ் கிடக்கு. மச்சாளையும் இழுக்கும். இதுக்குள்ளை நான் என்ன செய்யிறது?

டெரெக் போனார். கொம்பனிக்காரன் வேறை பாண்டைக் கூட்டிக்கொண்டு போனான். ஹேஸல் தன்ரை ஊருக்குப் போட்டாளாம், அந்தப் பாட்டைப் பேந்து அவள் பாடேல்லையாம். அந்தக் கோடையிலை லாந்தர் வாசலிலை வரிசை மூலை திரும்பி அடுத்த தெருவுக்குப் போட்டுது. ரீவியிலை, பேப்பரிலை, பஸ்ஸிலை ஒட்டினதிலை எல்லாம் அந்த நெத்தி மறைச்ச பொடியள்தான். ரெண்டு பாண்டுக்கு இடையிலை ஆர் பெரிசு எண்டு கடைக்காரன் கூடச் சண்டை பிடிக்கிறான். டெரெக் சொன்னமாதிரியே வந்திட்டுது. ஒருநாள் நான் இருபது பை கட்டினன். கட்டிப்போட்டு நிமிர்ந்து பாக்கிறன், எத்தினை எண்டு கேக்க ஆள் இல்லை. புதுசா வந்த சத்தக்காரன் என்ரை பேரும் கேக்கேல்லை.

ஐப்பசியிலை சண்டை கிட்ட வந்து யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அம்மாவும் தங்கச்சியும் உயிரோடை இருக்கினமோ எண்டு மாசக்கணக்காத் தெரியாது. அப்ப எனக்கு மனசிலை வந்ததைச் சொன்னால் சிரிப்பியள், ஒருத்தரின்ரை பிழைப்பைக் கெடுத்ததுக்குத்தான் இது எண்டு.

இந்தச் சித்திரையிலை டெரெக்கைக் கண்டனான். கம்டனிலை மரக்கறிச் சந்தை ஒண்டு இருக்கு, அதிலை பெட்டி இறக்கிக்கொண்டு நிக்கிறார். சத்தம் வைச்ச மனிசன், தக்காளி தக்காளி எண்டு கூவுறார். நான் வண்டிலைத் திருப்பிக்கொண்டு ஓடப் பாத்தன், கண்டிட்டார். "ராணி! எங்கை என்ரை குட்டி?" எண்டு வந்து இவளைத் தூக்கி, ரெண்டு வாழைப்பழம் வண்டிலுக்குள்ளை வைச்சார். பேந்து மெல்லமாச் சொன்னார், "நான் அதை விக்கேல்லை, ராணி. உனக்குத் தெரியுமோ?" எண்டு. நான் "ஐ நோ" எண்டன். அவருக்குக் கண் கலங்கிப்போச்சு. "நீ ஒருத்திதான் என்னை நம்பினனி" எண்டு என்ரை கையைப் பிடிக்கிறார் அன்ரி. பிடிச்சுக்கொண்டு விடுறாரில்லை. அந்த வாழைப்பழத்தை நான் பிள்ளைக்குக் குடுக்கேல்லை. எறியவும் மனம் வரேல்லை. மேசையிலை கிடந்து கறுத்து, இவர்தான் பேந்து ஏசிப்போட்டுக் குப்பையிலை போட்டார்.

ஆடியிலை அம்மா ஒருமாதிரிக் கொழும்புக்கு வந்திட்டா. தங்கச்சி வரேல்லை, அவள் வன்னியிலை நிண்டிட்டாள், ஏன் எண்டு போனிலை கதைக்கேலாது. போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடை கதைச்சன். என்னம்மா கொண்டந்தனி எண்டு கேட்டன். சும்மா கேட்டது. "என்னத்தைக் கொண்டாறது? உடுத்த சீலையும் உன்ரை கசெற்றும்" எண்டா.

"எந்தக் கசெற்?"

"பிள்ளை அம்மம்மா எண்டு சொல்லுற கசெற்தான். அந்த வெள்ளைக்காரப் பெட்டை பாடுறதும் அதிலைதானே கிடக்கு."

எனக்கு விளங்கேல்லை. "எந்தப் பெட்டை?" எண்டன்.

"நீ கதைச்சு முடிய ஒருத்தி பாடுறாளே, தனிய. கரண்டும் பற்றரியும் இல்லாத நேரத்திலை உன்ரை தங்கச்சி சைக்கிளைத் தலைகீழா நிப்பாட்டி, டைனமோவிலை வயரைக் குடுத்துப் பெடலைச் சுத்துவாள். பிள்ளையின்ரை குரல் முடிஞ்சிட்டுது, காணும், நிப்பாட்டு எண்டால் நிப்பாட்டமாட்டாள். அந்தப் பெட்டை பாடி முடியுமட்டும் சுத்துவாள். கை நொந்து மெதுவாச் சுத்தினால் பெட்டை ஆம்பிளைக் குரலிலை பாடும், ரெண்டுபேரும் சிரிப்பம். ஆரடி அவள்? ஏன் அப்பிடி அழுமாப்போலை பாடுறாள்?"

சொல்லிப்போட்டு அம்மா அந்தப் பாட்டைப் பாடினா அன்ரி. சொல் தெரியாது, மெட்டு மட்டும். கோயிலிலை பாடுற மாதிரி இழுத்து. நான் ஒருநாளும் கேட்டிராத பாட்டு. லாந்தரிலை ரெண்டு வருஷம் நிலம் துடைச்சனான், அங்கை பாடின ஒரு பாட்டை முதல் முதலா நான் கேட்டது அம்மாவின்ரை வாயாலைதான்.

அப்பதான் விளங்கினது. மணி அடிச்சுதெல்லே, நான் இடையிலை நிப்பாட்டினனெல்லே. கடைசிப் பாட்டு அழியேல்லை. அது கிடக்குது.

ஓம், நீங்கள் சொல்லுறது சரிதான். கொழும்பிலை ஒரு கடையிலை குடுத்துக் கொப்பி அடிச்சு, அம்மாவுக்கு ஒண்டு குடுக்கலாம். குடுங்கோ, அந்தப் புண்ணியத்தையும் செய்யுங்கோ. தங்கச்சி சுத்திக் கேட்ட பாட்டு, அதுவும் இல்லாமல் அம்மா எப்பிடி இருப்பா? ஆனால் இஞ்சை வரவேண்டியது அந்தக் கசெற்தான். கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினால் கோல்மன் நம்பமாட்டார், சந்தையிலை வாங்கினது எண்டுவார். அந்தக் கசெற்றிலை நான் ஒட்டின "அம்மாவுக்கு" எண்ட தாளை உரிச்சால், அதுக்குக் கீழை டெரெக்கின்ரை கையெழுத்தும் பச்சை நட்சத்திரமும் இருக்கும்.

என்ன அன்ரி, அப்பிடிப் பாக்கிறியள்?

ஓம். ஒண்டும் எழுதியிருக்கேல்லை எண்டுதான் முதல் சொன்னனான்.

எழுதியிருந்தது. திகதி எழுதி, பேர் எழுதி, பச்சைப் பேனையாலை ஒரு நட்சத்திரம். டெரெக் எனக்கு ஒருக்கா அந்த அலுமாரியைத் திறந்து காட்டியிருக்கிறார். ஒன்பது வருஷக் கசெற், நூற்றுக்கணக்கிலை. அதிலை பச்சை நட்சத்திரம் போட்டது அப்ப மூண்டே மூண்டு. "இது மூண்டும் நான் செத்தாலும் இருக்கவேணும், ராணி" எண்டு விளையாட்டாச் சொன்னவர். நட்சத்திரம் எண்டால் என்னெண்டு எனக்குத் தெரியும். கசெற் மேசைக்குக் கீழையும் கிடக்கேல்லை. மேசைக்கு மேலைதான் கிடந்தது. நேரம் பத்தரை. பின்னேரம் ஆள் வெளிக்கிடுது. நான் நினைச்சது, இவையளுக்கு நாளைக்கும் பாட்டு இருக்கும், நாளையிண்டைக்கும் இருக்கும், ஒவ்வொரு நாளும் பதினொரு பை பாட்டு இருக்கும். எனக்கு இண்டைக்கு மட்டும்தான் ஆள் இருக்கு. அப்பிடி நினைச்சுத்தான் எடுத்தனான். அவர் வாறதுக்கு முதல் எடுக்கவேணும் எண்டு அண்டைக்கு மேல்படியும் கழுவாமல் வந்திட்டன்.

அவர் கேட்டவர், அன்ரி. திங்கக்கிழமை, முழங்காலிலை நிண்டபடியே, "ராணி, பச்சை நட்சத்திரம் போட்டது ஒண்டு கண்டனியோ?" எண்டு. நான் தலையை ஆட்டினன். இல்லை எண்டு வாயாலை சொல்லேல்லை. ஆட்டினதுதான்.

இல்லை, நான் அழேல்லை. தேத்தண்ணி சுடுகுது.

கசெற் வந்தவுடனை கொண்டுபோய்ச் சந்தையிலை அவரின்ரை தக்காளிப் பெட்டிக்கு மேலை வைச்சிட்டு வந்திடுவம் எண்டுதான் முதல் யோசிச்சன். ஆர் வைச்சது எண்டு தெரியாமல். பேந்து யோசிச்சன், அப்பிடி வைச்சால் அவர் என்னட்டைத்தானே ஓடி வருவார், ராணி, பார், கிடைச்சிட்டுது எண்டு. அப்பவும் நான் தலையாட்டிக்கொண்டு நிக்கவேணும். அதாலை சொல்லப் பழகுறன். அவரின்ரை பேரை விட்டால் மூண்டு சொல்லுத்தான். குசினியிலை பாத்திரம் கழுவேக்கை சொல்லிப் பாக்கிறது: "டெரெக், ஐ டுக் இற்." இவள் அதைப் பிடிச்சிட்டாள். வீடு முழுக்க "தெதெக், ஐ துக் இத்" எண்டு சொல்லிக்கொண்டு திரியிறாள். இவர் நித்திரையாலை எழும்பி, "என்னடி எடுத்தனி?" எண்டு பிள்ளையைக் கேக்கிறார். நான் கறியைக் கிண்டிக்கொண்டு நிண்டன்.

இந்தக் கசெற் கடையிலை வாங்கின புதுசு அன்ரி, ஆற்றையும் இல்லை. ஒரு பக்கம் இவளின்ரை கதை, அம்மம்மா ஆசை தீரக் கேக்கலாம். மற்றப் பக்கத்திலை இப்ப உங்களுக்குச் சொன்னதெல்லாம் அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறன். நட்சத்திரமும் சொல்லியிருக்கிறன். தலையாட்டினதும் சொல்லியிருக்கிறன். "நீ கேட்டுச் சிரிச்ச பெட்டையின்ரை பாட்டு அப்பிடி வந்ததுதான் அம்மா" எண்டு. அதைக் கேட்டால் அம்மா தானே எடுத்துத் தருவா. தராமல் விட்டால் பறிச்சுக்கொண்டு வராதேங்கோ.

பாருங்கோ, முதுகிலை ரெண்டு பல்லையும் உடைச்சுப்போட்டன். இனி அதுக்கு மேலை பதியேலாது.

ஓம், செலோரேப் ஒட்டினால் பதியலாம்தான். எங்கடை வீட்டிலை லாச்சி நிறையச் செலோரேப் கிடக்கு. நேற்றும் ஒருக்கா எடுத்து ஒட்டிப்போட்டுப் பேந்து உரிச்சனான். அதாலைதான் கறிவேப்பிலையைச் சாட்டிக்கொண்டு இண்டைக்கே ஓடி வந்தனான்.

வைச்சிட்டியளோ? சீலைக்குக் கீழையோ? சரி. இப்ப மூடுங்கோ அன்ரி. மூடிப் பூட்டுங்கோ. நான் இருக்கேக்கையே பூட்டுங்கோ.